நாய் ஏறாத கார்

நவம்பர் 14, வியாழன்

குளிர்கால டயர் பூட்டியாகிவிட்டது. கராஜ்காரர் இந்த முறையும் என்னைக் கண்டதும் "அண்ணை வரேல்லையோ?" என்றார். கார் என்னுடையது, ஓட்டுவதும் நான்தான் என்றேன். "அப்ப அண்ணை என்ன செய்யிறார்?" பாண் சுடும் தொழிற்சாலையில் பின்னேர வேலை என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றேன். ஸ்காபரோவில் ஒரு பெண் வாடகைக்குக் கார் ஓட்டினால் அவளுடைய கணவனுக்கு ஏதோ நடந்துவிட்டது என்றுதான் எங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள்.

காலையிலிருந்து மழையும் பனியும் கலந்து கொட்டியது. ஓட்டம் பரவாயில்லை. எல்ஸ்மியர் வீதி மருத்துவக் கட்டடத்தில் ஒன்று மட்டும் வீணாகப் போனது. போய் நின்றேன், ஆளைக் காணவில்லை, செயலி கேட்கும் நேரம்வரை பொறுத்துவிட்டுப் 'பயணி வரவில்லை' என்று அழுத்தினேன். காத்திருந்த நேரத்தில் ஒரு கோப்பி வாங்கினேன். நல்ல கோப்பி. பிறகு விமான நிலையத்துக்கு நீண்ட சவாரி ஒன்று கிடைத்தது. சூட்கேசுகளோடு ஒரு குடும்பம். காருக்குள் வாசமாக இருக்கிறது என்று அந்த வீட்டுப் பெண் சொன்னாள். நேற்றுத்தான் இருக்கைகளைக் கழுவியிருந்தேன்.

நவம்பர் 15, வெள்ளி

யோகன் தொலைபேசியில் எடுத்தான். காப்புறுதிக் கம்பனியில் என் புள்ளிவிபர வேலை போன பிறகு இந்தத் தொழிலை எனக்குப் பழக்கிவிட்டவன். இதே பகுதியில்தான் அவனும் ஓட்டுகிறான்.

"அக்கா, நேற்று எல்ஸ்மியரில நடந்ததைக் கேள்விப்பட்டனீங்களே? கண் தெரியாத பிள்ளை ஒண்டு, எங்கட பிள்ளைதானாம், வழிகாட்டி நாயோட நிண்டிருக்குது. பொதி கொண்டுவாற வான் ஒண்டு ரிவேர்ஸ் எடுத்து நாயை அடிச்சுப்போட்டுது. நாய் அதிலயே செத்துப்போச்சு."

"அந்தப் பிள்ளை?"

"கை முறிவாம். உயிருக்கு ஒண்டுமில்லை. நாய்தானே எண்டு விடேலாது அக்கா. அது எங்கள் எல்லாரையும் விடப் படிச்ச நாய். கனகாலப் பயிற்சி. நாங்கள் ரெண்டு கிழமையில லைசென்ஸ் எடுத்த ஆக்கள்."

தானே சொல்லிவிட்டுத் தானே சிரித்தான். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். மத்தியானத்துக்கு முன்னம் என்றான். நான் அப்போது விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஏறத்தாழ.

நவம்பர் 18, திங்கள்

காருக்குள் தூசு உறிஞ்சினேன். பின்னிருக்கைக் கால்விரிப்பில் வெளிர்மஞ்சள் நிறத்தில் குட்டை மயிர்கள். யாருடைய கோட்டிலிருந்தோ விழுந்திருக்கும்.

நவம்பர் 21, வியாழன்

செயலிக் கம்பனியிலிருந்து ஒரு கேள்வி. பதினான்காம் திகதி எல்ஸ்மியர் வீதியில் பயணியை ஏற்றாததற்குக் காரணம் என்ன. குறித்த இடத்தில் காத்திருந்தேன், பயணி வரவில்லை என்று பதில் அனுப்பினேன். ஒரே வரி. உடனே நன்றி என்று வந்தது. மனிதர் யாரும் வாசித்திருக்க மாட்டார்கள்.

தொழில்முறை ஒன்றைப் பொதுவாக எழுதிவைக்கிறேன். சவாரியை ஏற்றுக்கொண்ட பிறகு ஓட்டுநர் தானாக மறுத்தால் அது அவருடைய பெயரில் விழும். அடிக்கடி விழுந்தால் நல்ல சவாரிகள் வராது. ஆனால் பயணி வரவில்லை என்றால் ஓட்டுநர் மீது பழி இல்லை. ஆகவே ஏற்ற விருப்பமில்லாத ஆளைக் கண்டால் நிறுத்தாமல் பக்கத்திலே எங்காவது திரும்பிவிட வேண்டும். வரைபடத்தில் பயணியின் இடத்தைக் காட்டும் அம்புக்குறிக்குக் கிட்ட இருந்தால் செயலிக்குப் போதும். 'வந்துவிட்டேன்' என்று அழுத்தலாம். பயணியின் தொலைபேசிக்கும் கார் வந்துவிட்டது என்று செய்தி போய்விடும். பிறகு காத்திருப்பு நேரம் முடியும்வரை பொறுத்தால் சரி. முதல் வாரமே யோகன் சொல்லித்தந்தான்: "பக்கத்துப் பிளாசாவுக்குள்ள பூந்திடுங்கோ அக்கா. குடிச்சவை, கூட்டமா நிக்கிறவை எல்லாரையும் உப்பிடித்தான் கழிக்கிறது."

எல்லோரும் செய்வதுதான்.

நவம்பர் 27, புதன்

பயணிகள் வலது கதவால் ஏறுகிறார்கள். நடைபாதை அந்தப் பக்கம் என்பதால் அது இயல்பு. ஏறியவர்கள் ஏறிய இடத்திலேயே இருக்காமல் இடது ஓரம்வரை நகர்ந்துபோய் இருக்கிறார்கள். இன்று ஒரு தாதி, நல்ல பருமனான பெண், அவ்வளவு தூரம் சிரமப்பட்டு நகர்ந்தாள். கால்களையும் ஒடுக்கி வைத்துக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்தேன். வலது பக்கம் கால் வைக்கும் இடம் வெறுமையாக இருந்தது.

மூன்று பேர் ஏறினால் என்ன செய்வார்கள் என்று யோசித்தேன். பின்னேரம் மூன்று மாணவர்கள் ஏறினார்கள். ஒருவன் முன்னால் வந்துவிட்டான். மற்ற இருவரும் பின்னால் இடது பக்கமாக நெருங்கி இருந்தார்கள். காதலர்களாக இருக்கலாம்.

எத்தனை பேர் அப்படி இருக்கிறார்கள் என்று நான் எண்ணப் போவதில்லை. எண்ணத் தொடங்கினால் அங்கே எண்ணுவதற்கு ஏதோ இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

டிசம்பர் 3, செவ்வாய்

ஒரு இளைஞன் ஏறியதிலிருந்து தும்மினான். கண் சிவந்து நீர் வழிந்தது. நாய் மயிர் தனக்கு ஒத்துவராது, காரில் நாய் ஏற்றுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்று கோபித்தான். இந்தக் காரில் ஒருநாளும் நாய் ஏறியதில்லை என்றேன். அவன் தன் கறுப்புக் காற்சட்டையைக் காட்டினான். முழங்காலுக்குக் கீழே ஒரு பக்கம் முழுக்க வெளிர்மஞ்சள் மயிர். ஏதோ வந்து சாய்ந்து படுத்திருந்தது போல.

குறைந்த மதிப்பெண் போட்டுவிட்டுப் போனான். வீட்டுக்குப் போய்த் திரும்பவும் தூசு உறிஞ்சினேன். வாங்கிய நாளிலிருந்து இந்தக் கார் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

கணவர் நேசனோடு மரக்கறி வாங்கப் போனேன். கதவைத் திறந்து உள்ளே இருந்தவர் மூக்கைச் சுளித்தார்.

"என்னப்பா, நாய் மணக்குது. ஆரை ஏத்தினீர்?"

"நாய் ஒண்டும் ஏறேல்லை."

"ஏறாமல் மணக்குமோ? அதுவும் நனைஞ்ச நாய்."

"உங்கட சப்பாத்தாயிருக்கும்."

"என்ர சப்பாத்து பாண் மணக்கும். வேணுமெண்டா மணந்து பாரும்." காலைத் தூக்கினார். பிறகு, "பேசாமல் ஒண்டை வளர்ப்பமே? மணக்கிறதுக்கு ஒரு நியாயமாவது இருக்கும்," என்றார்.

நான் சிரிக்கவில்லை. எனக்கு நாயென்றால் பயம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். பயம் இல்லை. தொண்ணூற்றாறில், யுத்தத்தால் இடம்பெயர்ந்து போயிருந்த நாங்கள் கொக்குவிலுக்குத் திரும்பி வந்தபோது, ஒழுங்கையில் நின்ற நாய்கள் எல்லாம் கொழுத்திருந்தன. ஊரில் உயிரோடு ஒரு சனமும் இல்லாத மாதங்கள் அவை. அவ்வளவுதான். அதில் எழுத ஒன்றுமில்லை.

கத்தரிக்காய் நன்றாக இல்லை. முருங்கைக்காய் கிடைத்தது.

டிசம்பர் 12, வியாழன்

காலையில் எல்ஸ்மியர் பிளாசாவில், கடைகளுக்கு முன்னால் நிறுத்திவைத்துக் கோப்பி குடித்தேன். அங்கே கோப்பி நன்றாக இருக்கிறது. மருத்துவக் கட்டடத்துக்குப் பக்கம் என்பதால் சவாரியும் கிடைக்கும்.

டிசம்பர் 19, வியாழன்

பிளாசா. சவாரி இல்லை. கோப்பி ஆறிவிட்டது.

டிசம்பர் 22, ஞாயிறு

நேசன் வேலைக்குப் போய்விட்டார். எழுதி முடித்துவிடுகிறேன்.

அன்று அந்தப் பெண் கட்டடத்தின் முன்னால்தான் நின்றாள். சாம்பல் நிறக் கோட்டு. இடது கையில் வெள்ளைப் பிடி, பிடியின் மறு நுனியில் நாய். வெளிர்மஞ்சள் லாப்ரடோர். மழையில் இரண்டு பேரும் நனைந்துபோய் நின்றார்கள். நான் வேகத்தைக் குறைத்தேன். பெயர் நிரோஜா என்றிருந்தது. வழிகாட்டி நாயோடு நிற்கிறேன் என்று செய்தியும் போட்டிருந்தாள். அதை வரும்போதே வாசித்திருந்தேன்.

நனைந்த நாய். கழுவிய இருக்கை. அடுத்ததாக விமான நிலையச் சவாரி ஒன்று எனக்காகக் காத்திருந்தது. ஒரு நொடியில் முடிவெடுத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கை திருப்பியது. பிளாசாவுக்குள் போய் நின்று 'வந்துவிட்டேன்' என்று அழுத்தினேன். கோப்பி வாங்கினேன். பயணி வரவில்லை என்று அழுத்தினேன். மறுபக்க வாசலால் வெளியேறிப் போனேன். வான் வந்ததை நான் பார்க்கவில்லை. சத்தம் எதுவும் கேட்கவுமில்லை. வானொலி போட்டிருந்தேன்.

இன்னுமொன்று. நான் மெதுவாகக் கடந்தபோது நாய் என் காரைப் பார்த்தது. நான் பிளாசாவுக்குள் திரும்பியபோது அதன் தலையும் கூடவே திரும்பியது. வாலை ஆட்டி என் பக்கமாக ஒரு அடி வைத்தது.

நாய்கள் எல்லாக் காரையும்தான் பார்க்கும்.

ஜனவரி 2, வியாழன்

பிளாசா. இல்லை.

ஜனவரி 9, வியாழன்

வேண்டுகோள் வந்தது. நிரோஜா. விரல் தவறி ஏற்றுக்கொண்டுவிட்டது.

இந்த முறை கட்டடத்தின் முன்னாலேயே நிறுத்தி இறங்கினேன். கையில் வெள்ளைப் பிரம்பு. அதே கோட்டு. முப்பத்தைந்து வயது இருக்கும். இடது கை மட்டும் என்ன செய்வது என்று தெரியாததுபோல் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"நிரோஜா?"

"ஓம். சுபத்திராவோ?"

"ஓம்."

அவள் உடனே அசையவில்லை. பெயரைக் காதுக்குள் வைத்துப் பார்க்கிறவள்போல நின்றாள். நான் கதவைத் திறந்துவிட்டேன்.

"டக்கெண்டு மூடிப்போடாதேங்கோ அக்கா. அவனை முதல் ஏத்திப்போட்டுத்தான் நான் ஏறுறது. நாலு வருசப் பழக்கம். இப்ப ஆரும் இல்லாமலே கொஞ்ச நேரம் நிண்டு போடுறன்."

நின்றாள். பிறகு ஏறி, இடது ஓரம்வரை நகர்ந்து இருந்தாள்.

இயன்முறைச் சிகிச்சைக்காக வியாழன்தோறும் வருகிறாளாம். கை இன்னும் முழுதாக நீட்ட வரவில்லை. வங்கி ஒன்றின் தொலைபேசி உதவிப் பகுதியில் வேலை. "எவடம் அக்கா ஊரில?" என்று கேட்டாள். கொக்குவில் என்றேன். தாய் மானிப்பாயாம். தான் ஐந்து வயதில் வந்தவள் என்றாள். அந்த வயதிலேயே இரவில் பார்வை குறைவாம். அப்பாவும் அம்மாவும் சொந்த மச்சான் மச்சாள். "முறைக்குள்ள கட்டினதுக்கு நான்தான் சீதனம்," என்றாள். இப்படிப்பட்ட பகிடிக்கு எப்படிச் சிரிப்பதென்று எனக்குத் தெரியவில்லை. பாதையைப் பார்த்து ஓட்டினேன்.

"என்ர நாய் நவம்பரில செத்துப்போச்சுது. ஹட்சன்."

"கேள்விப்பட்டன்."

"ஆர் சொன்னவை?"

"டிரைவர்மார் கதைச்சவை."

"ஓ. அவை கதைப்பினம்." பிரம்பை மடித்து மடியில் வைத்தாள். பிறகு பேசினாள். புகார் சொல்லும் குரல் அல்ல அது. வேலையிடத்தில் வாடிக்கையாளருக்கு ஒரு சிக்கலை விளங்கப்படுத்தும் குரலாக இருந்திருக்கலாம்.

"நாய் பழக்கிக் குடுக்கிற பள்ளிக்கூடம் இப்ப விசாரிக்குது அக்கா. இன்னொரு நாய் தாறதோ இல்லையோ எண்டு. அண்டைக்கு வந்த டிரைவர் குறிச்ச இடத்திலதான் நிண்டதெண்டு கம்பனி சொல்லிப்போட்டுதாம். நாங்கள் அங்க இல்லையாம். அப்பிடியெண்டா நானும் ஹட்சனும் இடம் மாறி நிண்டிருக்கிறம். முன்னுக்கு நிண்ட காரை விட்டிட்டு, அவன் என்னை வானடிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். பள்ளிக்கூடம் ரெண்டில ஒண்டு எண்டு சொல்லுது. ஒண்டில் நாய் பிழை விட்டது. இல்லாட்டி நாயைப் பாவிக்க எனக்குத் தெரியாது. ரெண்டாவது எண்டு முடிவெடுத்தால் எனக்கு நாய் இல்லை."

"நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?"

"அவன் ஒருநாளும் பிழை விட்டதில்லை. ஆனா போன் சொல்லிச்சுது, கார் வந்திட்டுது எண்டு. முன்னுக்கு ஏதோ எஞ்சின் சத்தமும் கேட்டது. காருக்குப் போ எண்டனான். அவன் மாட்டன் எண்டு நிண்டவன். நான் அதட்டினனான். அதுக்குப் பிறகுதான் போனவன். வான் பின்னுக்கு வரேக்க எனக்குக் குறுக்கால நிண்டிட்டான்."

அவளுடைய கட்டடம் வந்துவிட்டது. கதவைத் திறந்துவிடப் போனேன். இறங்குவதற்கு முன் சொன்னாள்:

"அண்டைக்கும் போனில சுபத்திரா எண்டுதான் பேர் வந்தது."

"எண்டைக்கு?"

அவள் முகம் மாறவில்லை. என் குரல் வந்த இடத்தைச் சரியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி அக்கா. கன சுபத்திராமார் இருப்பினம்."

"இருப்பினம்," என்றேன்.

இந்தப் பகுதியில் எத்தனை சுபத்திராக்கள் கார் ஓட்டுவார்கள் என்ற நிகழ்தகவு எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

ஜனவரி 10, வெள்ளி

நேற்று அவளை இறக்கிவிட்ட பிறகு கால்விரிப்பைப் பார்த்தேன். மயிர் இல்லை. விரிப்பு ஈரமாக இருந்தது. அவளுடைய சப்பாத்துப் பனி இடது பக்கத்தில். ஈரம் வலது பக்கத்தில்.

தண்ணீர் சரிவுக்கு ஓடும்.

ஜனவரி 15, புதன்

யோகனைச் சந்தித்தேன். இப்படி ஒருவருக்கு நடந்தால் என்று பொதுவாகத்தான் கேட்டேன். அவன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான்.

"அக்கா, அது நீங்களோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"சொல்லாதேங்கோ. எனக்கும் சொல்லாதேங்கோ. ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. மற்றதுகளுக்கெல்லாம் கம்பனி எச்சரிக்கை விடும். வழிகாட்டி நாய் விசயம் எண்டால் ஒருக்காத்தான். அக்கவுண்டைப் பூட்டிப்போடுவாங்கள், திரும்பத் திறக்க மாட்டாங்கள். இந்த வயசில வேற எங்க போவீங்கள்?"

"அந்தப் பிள்ளைக்கு இன்னொரு நாய் கிடைக்காமல் போகும் யோகன்."

"உங்கட வானே? நீங்களே ரிவேர்ஸ் எடுத்தனீங்கள்? நீங்கள் செய்தது நாங்கள் எல்லாரும் நாளாந்தம் செய்யிறது."

"அதுதான்."

"என்ன அதுதான்?"

நான் எழுந்தேன். வெளியே வந்தபோது, தனது கார் கராஜில் இருக்கிறது, வீடுவரை விடுங்கோ என்று கேட்டான். முன்னால் இருக்கச் சொன்னேன். பின்னால் சாமான் கிடக்கிறதா என்று எட்டிப் பார்த்தான். பின்னால் ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் அவன் வழி முழுக்க இரண்டு மூன்று தடவை திரும்பிப் பார்த்தான். என்ன என்று கேட்டேன். "சும்மா," என்றான். யோகன் சும்மா இருக்கிற ஆள் இல்லை.

ஜனவரி 16, வியாழன்

கடும் பனி. வீதிகளை மூடிவிட்டார்கள். வீட்டில் இருந்தேன். கார் வெளியே பனிக்குள் புதைந்து நின்றது. ஜன்னலால் பார்த்தபோது பின்கண்ணாடியின் உட்புறத்தில் ஆவி படிந்திருந்தது. ஒரு பக்கத்தில் மட்டும், கீழ்ப்பகுதியில். உள்ளே மூச்சு விட யாரும் இல்லாத கார்.

கண்ணாடி ஏன் ஆவி பிடிக்கிறது என்று இணையத்தில் வாசித்தேன். விரிப்பில் ஈரம் இருந்தால் பிடிக்குமாம்.

ஜனவரி 23, வியாழன்

காலையில் பிளாசாவில் நின்றேன். கோப்பிக்காக என்று இனி எழுதுவதில் அர்த்தமில்லை. வேண்டுகோள் வந்ததும் ஏற்றுக்கொண்டேன்.

கதவைத் திறந்துவிட்டு அவள் சொல்லாமலே பொறுத்து நின்றேன். அவள் ஏறினாள். நான் முன்னால் வந்து இருந்தேன். காரை எடுக்கவில்லை.

"போகேல்லையோ அக்கா?"

"ஒரு விசயம் சொல்லோணும்."

"சொல்லுங்கோ."

இவ்வளவு நாளும் மனதுக்குள் வாக்கியங்களைத் தயாரித்து வைத்திருந்தேன். காரணங்களும் அவற்றுக்கான துணைக் காரணங்களும் அதில் இருந்தன. வாயில் வந்தது வேறு.

"அண்டைக்கு நான் உங்களுக்கு முன்னால நிக்கேல்லை. பக்கத்துப் பிளாசாவுக்குள்ள நிண்டனான். நாயைக் கண்டிட்டுத்தான் திரும்பினனான். வந்திட்டன் எண்டு அங்கயிருந்துதான் அழுத்தினனான்."

கண்ணாடியில் அவளைப் பார்க்க எனக்குத் தைரியமிருக்கவில்லை. பார்த்தேன். அவள் அழவில்லை. தலையைச் சற்றுச் சரித்து வைத்திருந்தாள், தூரத்தில் ஏதோ கேட்பதுபோல.

"பிளாசா எந்தப் பக்கம் அக்கா?"

"என்ன?"

"கட்டடத்துக்கு முன்னால, வீதியைப் பாத்துக்கொண்டு நிண்டால், பிளாசா எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்."

"இடப்பக்கம்," என்றாள். பிறகு இன்னொரு முறை, மிகவும் மெதுவாக, "இடப்பக்கம்."

"அவன் என்ர காரைப் பாத்தவன்," என்றேன். "நான் திரும்பின பக்கமே தலையைத் திருப்பினவன். எனக்குக் கிட்ட வாறதுக்கு ஒரு அடி வைச்சவன். நான் கண்டனான்."

அப்போதுதான் அவளுடைய முகம் உடைந்தது. கையால் வாயை மூடிக்கொண்டாள். கைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அண்டைக்கு முழுக்க இடப்பக்கம் இழுத்துக்கொண்டு நிண்டவன் அக்கா. நான் பேசினனான். என்னடா விசரா, கார் முன்னுக்கு நிக்குது எண்டு பேசினனான். அவன் உங்களைக் கண்டுபிடிச்சிட்டான். சரியாக் கண்டுபிடிச்சிட்டான்."

மன்னிப்புக் கேட்டேன். அது அவள் காதில் விழுந்ததா என்று தெரியாது. அவள் குனிந்து, வலது பக்கம் கால் வைக்கும் இடத்தை நோக்கிக் கையை நீட்டி, தரைக்குச் சற்று மேலே வைத்துக்கொண்டிருந்தாள். தடவவில்லை. அப்படியே வைத்திருந்தாள்.

பிறகு நிமிர்ந்து, "இதைப் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லுவீங்களோ?" என்று கேட்டாள்.

"சொல்லுறன்."

"உங்கட வேலை போயிடும்."

"ஓம்."

"அக்கா, நான் இப்ப உங்களுக்குப் பரவாயில்லை எண்டு சொல்ல மாட்டன்."

"வேண்டாம்," என்றேன்.

காரை எடுத்தேன். அவளுடைய வீட்டின் முன் காரை நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டேன். இறங்கியதும் அவள் திரும்பிப் பார்க்காமல், பிரம்பைத் தட்டிக்கொண்டு நேராக நடந்து போனாள். எதற்கும் காத்திருக்கவில்லை. யாரையும் கூப்பிடவில்லை.

கதவை நான்தான் மூடினேன்.

ஜனவரி 24, வெள்ளி

பள்ளிக்கும் கம்பனிக்கும் எழுதி அனுப்பினேன். காரணம் எதுவும் சேர்க்கவில்லை. நேசனுக்கு இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன். புட்டைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "அப்ப அந்த மணம்," என்று தொடங்கி நிறுத்திவிட்டார். பிறகு என் கோப்பையில் தண்ணீர் ஊற்றினார்.

ஜனவரி 29, புதன்

கணக்கை மூடிவிட்டார்கள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

யோகன் தன் மைத்துனருக்காகக் காரை வாங்கிக்கொண்டான். கொடுப்பதற்கு முன் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன். என்ன சொல்வது. மாலையில் அவனே தொலைபேசியில் எடுத்தான்.

"அக்கா, உள்ளுக்கு என்ன சுத்தம்! ஒரு மயிர் கூட இல்லை. ஒரு மணமும் இல்லை. மச்சான்காரன் புதுக்கார் எண்டு நினைச்சிட்டான்."

"பின்னுக்கு ஏறி இருந்து பாத்தனியே?"

"பாத்தனான். ரெண்டு பக்கமும் இருந்து பாத்தனான்," என்றான். அவன் ஏன் இரண்டு பக்கமும் இருந்து பார்த்தான் என்று நான் கேட்கவில்லை.

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

பள்ளியிலிருந்து கடிதம். என் வாக்குமூலத்துக்கு நன்றி. நிரோஜா வசந்தத்தில் புதிய நாயோடு பயிற்சிக்குப் போகிறாள். அவளிடமிருந்து எதுவும் இல்லை. எதிர்பார்க்கவுமில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

காலையில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் நேர்முகம். இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன் என் பட்டத்தைப் பார்த்துவிட்டு, இது எந்த நாட்டுப் பல்கலைக்கழகம் என்று கேட்டான். சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டான். கிடைக்காது.

வெளியே வந்தபோது காற்று முகத்தை அறுத்தது. பஸ் இப்போதைக்கு இல்லை. என் கணக்கு மூடப்பட்டதால் நேசனின் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வந்திருந்தேன், அதிலிருந்து ஒரு காரைக் கூப்பிட்டேன். வாசலில் நின்றேன்.

கார் வந்தது. வேகத்தைக் குறைத்தது. ஓட்டுநர் என்னைப் பார்த்தார். பிறகு அவருடைய பார்வை என் முகத்திலிருந்து இறங்கி, என் இடது முழங்காலுக்குப் பக்கத்தில் நின்றது. கார் நிற்காமல் முன்னே போய்ப் பக்கத்துப் பெற்றோல் நிலையத்துக்குள் திரும்பியது. தொலைபேசி ஒலித்தது. உங்கள் கார் வந்துவிட்டது. நான் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் பயணி வரவில்லை என்று செய்தி வந்தது.

இரண்டாவது காரைக் கூப்பிட்டேன். அதில் எங்கள் ஆள் ஒருவர், என் வயதுதான் இருக்கும். அவராவது நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

"குறை நினையாதேங்கோ அக்கா. நாயை ஏத்த மாட்டன். எனக்குச் சீற் பழுதாப் போயிடும்."

அவர் பார்த்துக்கொண்டிருந்த இடத்தை நான் பார்க்கவில்லை. என்னிடம் நாய் இல்லை என்று சொல்லியிருக்கலாம். எளிமையான வாக்கியம். அவரும் நம்பியிருப்பார், மன்னிப்புக் கேட்டுவிட்டு ஏற்றியும் இருப்பார்.

"பரவாயில்லை தம்பி, நீங்கள் போங்கோ," என்றேன்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். நீண்ட தூரம். நடைபாதை முழுக்க உப்புப் போட்டிருந்தார்கள். அந்த உப்பு நாய்களின் பாதத்தை எரிக்கும் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். நான் உப்பின் மேல் நடந்தேன். இடது பக்கம், பனி மிதிபடாமல் கிடந்த புல்லோரத்தை விட்டுக்கொடுத்தபடி.